பிசைந்தவளும் காத்தவனும்

சேர்த்து வைத்தல் என்ற ஒரே செயலுக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. அகராதி அவற்றை ஒருபொருட்பன்மொழி என்று அடுத்தடுத்து அடுக்குகிறது. பேசுகிறவர்கள் அப்படிக் கலந்து புழங்குவதில்லை. நிறுவனம் மூலதனத்தை 'அக்யுமுலேட்' செய்கிறது. தொழிலதிபர் செல்வத்தை 'அமாஸ்' செய்கிறார். பொறுப்பான குடும்பம் 'சேவ்' செய்கிறது. பழைய துணியையும் டப்பாவையும் தூக்கி எறிய மனமில்லாத கிழவி மட்டும் 'ஹோர்ட்' செய்கிறாள். செயல் ஒன்று, தீர்ப்பு வேறு. இந்தத் தீர்ப்பை யார் எழுதுகிறார்கள் என்பதே என் கேள்வி.

சொற்களின் வேர்கள் இதற்குக் கொஞ்சம் விடை தருகின்றன. 'அக்யுமுலேட்' என்பதன் அடியில் இருப்பது லத்தீனின் 'குமுலுஸ்'. குவியல் என்று பொருள். அந்தச் சொல்லில் குவியல் தெரிகிறது, குவித்த கைகள் தெரிவதில்லை. 'அமாஸ்' பிரெஞ்சு வழியாக லத்தீனின் 'மஸ்ஸா'வுக்குப் போகிறது. கட்டி, பிசைந்த மாவு உருண்டை என்று அதற்குப் பொருள். அதற்கும் பின்னால் இருப்பது வாற்கோதுமை ரொட்டியைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல். கோடிகளைப் பற்றிப் பேசும் சொல்லின் அடியில் யாரோ பிசைந்த மாவு இருக்கிறது.

அந்த 'யாரோ' இன்னொரு சொல்லில் அகப்படுகிறாள். 'லேடி' என்பதன் பழைய ஆங்கில வடிவத்துக்கு ரொட்டி பிசைபவள் என்று மொழியறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். 'லார்டு' என்றால் ரொட்டியைக் காப்பவன். இரண்டுமே மேல்குடிப் பட்டங்கள்தான். உண்மையில் மாவு பிசைந்த அடிமைப் பெண்ணை எவரும் 'லேடி' என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் வேலைப் பிரிவினை அந்தச் சொற்களிலேயே பதிந்து கிடக்கிறது. உண்டாக்குவது ஒருத்தி, காப்பது ஒருவன். காப்பது எப்போது உரிமையாகிவிடுகிறது என்பதைச் சொற்கள் சொல்வதில்லை. சட்டம் சொல்கிறது.

மூலதனத்தைக் குறிக்கும் 'கேபிடல்', மாட்டைக் குறிக்கும் 'கேட்டில்', அசையும் சொத்தைக் குறிக்கும் 'சாட்டல்' மூன்றும் தலை என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, மணமான பெண்ணின் 'சாட்டல்' எல்லாம் கணவனுக்குப் போய்விடும். அவள் உழைத்துப் பெற்ற கூலியும் அவனுடையதே. 1870இல் வந்த சட்டம்தான் கூலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தது. தன் சொத்தைத் தானே ஆளும் உரிமை 1882இல் வந்தது.

இதை வைத்து 'ஹோர்ட்' என்ற சொல்லை மறுபடி பார்க்கலாம். பழைய ஆங்கிலத்தில் அது புதையலை, ஒளித்துப் பாதுகாத்த செல்வத்தைக் குறித்தது. தன் கூலியே தனக்கில்லை என்ற நிலையில், நாலு காசு வைத்திருக்க விரும்பும் பெண்ணுக்கு ஒளிப்பதைத் தவிர வேறு என்ன வழி இருந்திருக்கும்?

நம்மிடம் அதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது: சிறுவாடு. அரிசிப் பானையிலும் சேலை மடிப்பிலும் சேரும் அந்தப் பணத்தை நாம் பதுக்கல் என்பதில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, கறுப்புப் பணத்தை ஒழிப்பதே நோக்கம் என்றார்கள். அந்த அறிவிப்புக்குச் சிறுவாடும் பதுக்கலும் ஒன்றாகவே பட்டன. சொந்தமாக வங்கிக் கணக்கு இல்லாத பெண்கள் பலர் நோட்டை மாற்ற கணவனிடமோ மகனிடமோ சொல்லியாக வேண்டியிருந்தது. பணம் மாறியது, மறைவிடம் போய்விட்டது.

கட்டியவனுக்குத் தெரியாமல் காசு சேர்ப்பது நேர்மையா என்று சிலர் கேட்கிறார்கள். பஞ்ச காலத்தில் நெல்லைப் பூட்டி வைத்த வியாபாரியும் ஒளித்தவன்தானே என்கிறார்கள். ஒளித்தானா என்று மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். நான் வேறு இரண்டு கேள்விகள் கேட்பேன். ஒளித்த பொருள் யாருடைய உழைப்பு? அது வெளியே வந்தால் யாருக்கு என்ன ஆகும்? வியாபாரியின் நெல் வெளியே வந்தால் ஊர் சாப்பிடும். அவளுடைய பணம் வெளியே வந்தால், அவளுக்கென்று இருந்த ஒன்றும் பறிபோகும். பறிக்கிறவனிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அறமாகாது. வெளிப்படையாக இருக்கச் சொல்கிறவர்கள் முதலில் அதை ஆபத்தில்லாததாக ஆக்கித் தரட்டும்.

அகராதியில் இந்தச் சொற்களைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். பொருளோடு நிறுத்தாதீர்கள். குவியலைக் கண்டால் பிசைந்தவள் எங்கே என்று கேளுங்கள்.