பொய்ப்பழியின் முன் மௌனம்

செய்யாத குற்றத்தைச் செய்ததாகப் பழி சுமத்தப்படும்போது வாய் திறந்து மறுப்பதா, வாளாவிருப்பதா என்னும் வினாவுக்குக் கிறித்தவ அறநெறி மரபு ஒரே விடையைத் தந்ததில்லை. தன் பெயரைக் காத்துக்கொள்ள முயலாமல் பழியைப் பொறுத்து நிற்பதை அது உயர்ந்த பண்பாகப் போற்றுகிறது. அதே மரபு, பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளையைப் பத்துக் கட்டளைகளுள் ஒன்றாக வைத்து, பொய் வேரூன்றுவதையே தீங்காகக் கருதுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே எல்லை வகுக்க வேண்டுமானால், மௌனம் காப்பவரின் மனத்தூய்மையை மட்டும் பார்த்தால் போதாது. அந்த மௌனத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இம்மரபின் ஊற்று இயேசுவின் விசாரணை. தலைமைச் சங்கத்தில் பொய்ச்சாட்சிகள் அடுக்கப்பட்டபோதும், ஏரோது கேள்விமேல் கேள்வி கேட்டபோதும் அவர் மறுமொழி கூறவில்லை. எசாயா நூலின் 53ஆம் அதிகாரம் வரையும் ‘துன்புறும் ஊழியன்’, அதாவது பிறர் குற்றத்தைச் சுமந்து வாய் திறவாமல் நிற்பவன், அவரே எனத் திருச்சபை கண்டுகொண்டது. ஆயினும் அதே விசாரணையில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, தாம் பேசியதில் தவறு எதுவெனக் காட்டுமாறு அவர் கேட்டதை யோவான் (18:23) பதிவு செய்கிறார். மெசியா நீர்தாமா என்று தலைமைக் குரு கேட்டபோதும் அவர் விடை சொல்லாமல் இல்லை. ஆகவே, இயேசுவே பேசவில்லை என்று பொதுப்படச் சொல்லிப் பழிக்கு ஆளான எவரையும் அடக்குவது விசாரணையைப் பாதி மட்டும் படிப்பதாகும். நேர்மையாகத் தீர்ப்பிடுபவரிடம் அவர் தம்மை ஒப்படைத்தார் என்று பேதுருவின் முதல் திருமுகம் (2:23) விளக்குவதால், அந்த மௌனம் நீதியைக் கைவிட்டதன்று, வழக்கை மேல்மன்றத்துக்குக் கொண்டுசென்றதே என்று கொள்ளலாம்.

பழியுற்றும் வாய் திறவாதவர் எனக் கத்தோலிக்க மரபில் பெரிதும் சுட்டப்படுபவர் புனித ஜெரார்டு மஜெல்லா (1726–1755). தெற்கு இத்தாலியில் தையல் தொழில் கற்ற இவர், அல்போன்ஸ் லிகோரி 1732இல் தொடங்கிய மீட்பர் சபையில் துணைச் சகோதரராக, அதாவது குருப்பட்டம் பெறாமல் துறவு வார்த்தைப்பாடுகளை ஏற்று மடத்துப் பணிகளைச் செய்பவராக வாழ்ந்தார். 1754இல், அவருடைய உதவியால் கன்னியர் மடத்தில் சேர்ந்து விரைவிலேயே வெளியேறிவிட்ட ஓர் இளம்பெண், பயணங்களின்போது அவர் தங்கிவந்த ஒரு வீட்டின் மகளோடு அவருக்குத் தகாத உறவு உண்டென்று பழி கூறினாள். லிகோரி அழைத்து வினவியபோது ஜெரார்டு மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. நற்கருணை உட்கொள்ளவும் வெளியாரோடு தொடர்பு கொள்ளவும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. நற்கருணையே உயிர்மூச்சாக இருந்தவருக்கு அதைவிடக் கொடிய தண்டனை இல்லை. பின்னர் அப்பெண் நோயுற்று, தான் சொன்னது பொய்யென எழுதியனுப்பிய பிறகே உண்மை வெளிப்பட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்பட்டபோது, தன்னை நியாயப்படுத்திக்கொள்ளலாகாது என்னும் சபை ஒழுங்கையே அவர் காரணமாகக் காட்டினார்.

இப்பொறுமையைப் புனிதரின் வரலாற்றை எழுதியோர் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் அவர்கள் விரைந்து கடந்துவிடும் ஒருத்தி இக்கதையில் இருக்கிறாள்: அந்த வீட்டு மகள். பழி இருவர்மேல் விழுந்தது. வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தவரோ ஒருவர். மணமாகாத பெண்ணின் பெயரில் படியும் கறை துறவியின் பெயரில் படிவதைவிட எளிதில் அழியாத ஒரு சமூகத்தில், தன் மானத்தைத் துறக்க ஜெரார்டுக்கு இருந்த உரிமை அவளுடைய மானத்தையும் துறக்கும் அளவுக்கு நீளுமா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே தடை விதித்த லிகோரி துறவறம் ஏற்குமுன் நேப்பிள்ஸ் நகரில் வழக்கறிஞராக இருந்தவர் என்பதும் சற்று உறுத்தவே செய்கிறது.

நான்காம் நூற்றாண்டு எகிப்தின் பாலைநிலத் துறவி மக்காரியுவைப் பற்றிய மரபுக்கதை இன்னொரு வகையைக் காட்டுகிறது. ஒரு பெண்ணின் கருவுக்குக் காரணமென்று பழிக்கப்பட்டு, கழுத்தில் பானைகள் கட்டித் தொங்கவிடப்பட்டு, ஊராரால் அடிக்கப்பட்ட அவர், தாம் முடைந்த கூடைகளை விற்று அப்பெண்ணுக்குக் கொடுக்கச் செய்தார். அவருடைய மௌனம் அவளுக்குச் சோறாயிற்று. உண்மையான தகப்பன் தப்பித்துக்கொண்டான் என்ற குறை இங்கும் உண்டு. ஆயினும் பாரத்தின் பெரும்பகுதியைச் சுமந்தவர் மௌனம் காத்தவரே.

அகுஸ்தீனார் ஹிப்போ நகரில் ஆற்றிய மறையுரை ஒன்றில், மனச்சான்று தனக்காகவும் நற்பெயர் அயலாருக்காகவும் தேவை என்று பிரித்துக் காட்டினார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை மேலும் தெளிவாக்கினார்: பழிச்சொல்லைத் தாங்கிக்கொள்ள மனம் எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும், ஆனால் பழிப்பவரின் துணிச்சலை அவர் நன்மைக்காகவே அடக்கவும், பலருடைய நலன் கெடாமல் காக்கவும் மறுமொழி கூற வேண்டிய தருணங்கள் உண்டு. விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்ட பிலிப்பி நகர அதிகாரிகள் தம்மைச் சந்தடியின்றி அனுப்பிவிட முயன்றபோது, பவுல் தம் உரோமைக் குடியுரிமையைச் சொல்லி, அவர்களே நேரில் வந்து அழைத்துச் செல்லட்டும் என்றார். அவர் போனபின் அந்நகரிலேயே இருக்கப்போகும் சிறு கிறித்தவக் குழுவின்மேல் குற்றவாளியைப் பின்பற்றியோர் என்ற பெயர் நிற்காதிருக்க அது உதவியிருக்கும்.

இக்காலத்தில் இவ்வினா கூர்மையடைவது, மௌனம் ஒருவர் தாமாகத் தேர்ந்தெடுப்பதாக இல்லாமல் மேலிருந்து கேட்கப்படுவதாக மாறும்போதுதான். விடுதிக் கணக்கில் பணம் குறைந்ததென்று பழிக்கப்படும் எழுத்தரிடம், சிலுவையை நினைத்துப் பொறுத்துக்கொள்ளும்படி நிர்வாகம் அறிவுரை கூறுமானால், பெட்டிச் சாவி கள்வனிடமே இருக்கும், எழுத்தரின் பிள்ளைகள் பள்ளியில் தலைகுனிவார்கள், கணக்கைத் தணிக்கை செய்யும் தொல்லையும் நிர்வாகத்துக்கு இராது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, ஒருவருடைய நற்பெயரை முறையின்றிக் கெடுக்கலாகாது என்று 220ஆம் விதியிலும், தம் உரிமைகளைத் திருச்சபையின் தகுந்த மன்றத்தில் நிலைநாட்டிக் காத்துக்கொள்ளலாம் என்று 221ஆம் விதியிலும் கூறுகிறது. அந்த எழுத்தர் தணிக்கை கேட்டு எழுதிக் கொடுப்பதும் அவ்விதிகளின்படி விசுவாசிக்கு உரிய செயலே.