எந்த இனம் என்று எழுதுவது?

சென்ற மாதம் ஒரு நாள், கிள்ளானில் நாம் கடை சாத்தும் நேரத்தில், நம் மூத்த மகன் கல்லூரி விண்ணப்பத்தை நீட்டினான். "அத்தா, பங்சா கேட்டிருக்கு. மலாய்னு போடவா?" என்றான். அப்படிப் போட்டால் இடம் சுலபமாம், கூட்டாளிகள் சொன்னார்களாம். அவனுடைய பிறப்புப் பத்திரத்தில் இந்தியன் என்றே இருக்கிறது.

சகோதரர்களே, நம்மவர் வீடுகளில் இது புதுக் கேள்வியல்ல. மலேசியர் என்பதையும் மலாய்க்காரர் என்பதையும் நாம் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம்.

1957-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 160-ஆவது பிரிவு மலாய்க்காரர் யார் என்று சொல்கிறது. இஸ்லாமியராக இருக்க வேண்டும். வழக்கமாக மலாய் பேச வேண்டும். மலாய் ஆதத்தை அனுசரிக்க வேண்டும். சுதந்திர நாளுக்கு முன்பே இம்மண்ணோடு பிறப்பாலோ குடியிருப்பாலோ தொடர்புடையவராகவோ, அப்படிப்பட்டவரின் வாரிசாகவோ இருக்க வேண்டும். பூர்வீகம் எந்த ஊர் என்று அது கேட்கவில்லை! பினாங்கின் ஜாவி பெரானாக்கான் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அவ்வழியே வாழ்ந்தவை. அவர்கள் விஷயம் வேறு.

நம் சங்கதி என்ன? மார்க்கம் உண்டு. பகலெல்லாம் கடையில் மலாய்தான். வீடு திரும்பினால் தமிழ். மையித்து வீட்டில் அழுவதும் தமிழில்தான். கல்யாணத்தில் கருகமணி கட்டுகிறோம். சம்பந்தம் பேசும்போது, "எந்த ஊர் ஜமாஅத்?" என்று துருவித் துருவி விசாரிக்கிறோம். அன்றைக்குத் தமிழ் முஸ்லிம், விண்ணப்பம் எழுதும் அன்றைக்கு மட்டும் மலாய்க்காரரா?

இந்நாட்டவராக இருக்க இந்த வேஷம் தேவையுமில்லை. 1969 மே 13 கலவரத்துக்குப் பின், 1970 ஆகஸ்டு 31-ல் ருக்குன் நெகாரா அறிவிக்கப்பட்டது. இறை நம்பிக்கை, பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம், அரசியல் சட்டத்தின் மேன்மை, சட்டத்தின் ஆட்சி, நன்னடத்தையும் ஒழுக்கமும். அந்த ஐந்தில் தாய்மொழி பற்றிய கேள்வியே கிடையாது.

"அதெல்லாம் சரி பாய், இடம் யார் கொடுப்பார்?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். 153-ஆவது பிரிவு தரும் தனிச் சலுகைகள் நம் ஏழைப் பிள்ளைக்கு எட்டுவதில்லை என்ற மனக்குறை நமக்கும் உண்டு. பூமிபுத்ரா அந்தஸ்து வேண்டுமென்று நம் சங்கங்கள் சில அரசாங்கத்திடம் பகிரங்கமாகவே கேட்டிருக்கின்றன. கேட்கட்டும், அதில் வெட்கமில்லை. மறைத்து வாங்குவதோ படிக்கல்லைக் குறைத்து நிறுக்கிற வேலை. அந்த இடம் யாரோ ஒரு கம்பத்துப் பையனுக்கு உரியதாக இருக்கலாமே!

இந்தியன் என்றே எழுதச் சொன்னோம். எழுதினான். ஆனால் இரண்டு நாள் நம்மோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவன் தாயாருக்கும் நம்மேல் வருத்தந்தான். கல்லூரியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.