அடக்கமும் திருத்தமும்

நாற்பது வயதுக்கு மேல் தச்சு வேலை கற்கப் புறப்பட்டவனைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். புத்தக அலமாரி ஒன்றை நானே செய்துவிடுவதென்று 4 அடி நீளத்தில் வேப்பம் பலகைகள் வாங்கிவந்தேன். பழக்கமான ஆசாரி ஒருவர் தம்முடைய நீள இழைப்புளியை இரவல் தந்தார். 22 அங்குலம் இருக்கும். குட்டை இழைப்புளி பள்ளத்தில் தானும் இறங்கி, மேட்டில் தானும் ஏறிப் போய்விடும். நீளமானது பள்ளத்தைப் பாலம்போலக் கடந்து, மேட்டை மட்டும் சீவும்.

முதல் பலகை நடுவில் மேடிட்டு, வில்போல் வளைந்திருந்தது. பலங்கொண்ட மட்டும் அழுத்தி இழைத்தேன். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. கைக்கடியில் பலகை மட்டமாகத்தான் இருந்தது. கையை எடுத்தேன், பழைய வளைவு அப்படியே எழுந்து நின்றது.

"அழுத்துறப்போ அது குனிஞ்சு கொடுக்குது ஸார். நேராகலே" என்றார் ஆசாரி. வளைவுக்கு அடியிலிருந்த இடைவெளியில் இரண்டு மரச் சிம்புகளைச் செருகினார். பலகை அசையாமல் நின்றது. பிறகு இழைத்தபோது மேடு நிஜமாகவே குறைந்தது.

இயந்திரத்திலும் இதே கதைதான். கனம் சீவும் இயந்திரத்தின் உருளைகள் வளைந்த பலகையை அமுக்கி இழுத்துக்கொள்ளும். மறுபுறம் அது ஒரே கனமாக, ஆனால் அதே வளைவோடு வெளியே வரும்.

பலகை வளைவது அதன் குற்றமல்ல. காயும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி சுருங்குவதில்லை. வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் சுமார் 2 மடங்கு. வளர்ந்த விதமும் காய்ந்த விதமும் சேர்ந்து வளைவாகின்றன.

இந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. சென்ற மாதம் என் மகன் மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டான். நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. "இனிமேல் செய்யமாட்டேன் அப்பா" என்றான். பிள்ளை திருந்திவிட்டான் என்று நிம்மதியாகத் தூங்கினேன். கணக்கில் அவனுக்கு என்ன தடுமாற்றம் என்று கேட்கவே இல்லை.

அப்படியானால் கண்டிப்பே கூடாதா? அதுவும் சரியல்ல. இழைப்புளியை அழுத்திப் பிடிக்காவிட்டால் உளி மரத்தைப் பற்றாது. தாங்கல் கொடுத்துவிட்டு அழுத்துவது வேறு. தாங்கல் இல்லாமல் அழுத்துவது வேறு. முன்னது திருத்தம். பின்னதில் கிடைப்பது அடக்கம் மட்டுமே. நம் கை இருக்கும்வரை அது இருக்கும். நம்மில் பலர் வீட்டிலும் காரியாலயத்திலும் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாகப் பெருமைப்படுகிறோம்.

நேற்றிரவு அவனை அழைத்து, கணக்கில் எது புரியவில்லை என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. இது புதுவிதக் கண்டிப்போ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும். இன்றைக்கும் கேட்கப்போகிறேன்.