அவரிடமே சொல்லுங்கள்

சித்தியின் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், "நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்கம்மா" என்றார். சித்தப்பாவும் நானும் உள்ளே. கருப்பைவாய்ப் புற்றுநோய், இரண்டாம் நிலை, ஐந்து வாரம் சிகிச்சை என்று விவரமெல்லாம் எங்களுக்கு. "அவகிட்ட சொல்ல வேணாம் டாக்டர், தாங்க மாட்டா" என்றார் சித்தப்பா. டாக்டரும் தலையாட்டினார். வெளியே வந்தால், 'புற்றுநோய்ப் பிரிவு' என்று முழ நீள எழுத்தில் தொங்கிய போர்டுக்கு நேர் கீழே சித்தி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஸ்கேன் கவருடன். எட்டாவது வரை படித்தவள். தினத்தந்தியை வரி விடாமல் படிப்பவள்.

"கர்ப்பப்பையில புண்ணாம். ஆறிடுமாம்" என்றார் சித்தப்பா.

"சரிங்க" என்றாள்.

பஸ்ஸில் என் பக்கம் சாய்ந்து, "எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாத. ராத்திரி தூங்க மாட்டாரு" என்றாள். பிறகு சில நாள் அவள் கொல்லைப்புறத்திலும் அவர் மாட்டுத் தொழுவத்திலுமாகத் தனித்தனியே அழுதார்கள். பிரியத்தால் மறைப்பதுதான், தெரியும். இருந்தும் எனக்கு அது ஒப்பவில்லை.

*

ரோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் நினைவுக்கு வருகிறார். 1974-இல் அவருக்கு மார்பில் கட்டி. அந்தக் காலத்து வழக்கப்படி, மயக்க ஊசி போட்டு, கட்டியில் துளி எடுத்து, அங்கேயே சோதிப்பார்கள். புற்று என்றால் அதே மேசையில் மார்பையும் எடுத்துவிடுவார்கள். கண் விழித்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால்தான் பெண்ணுக்கு விஷயமே தெரியும். குஷ்னர் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், முடிவைக் கேட்டு யோசிக்கிறேன் என்றார். அதற்கே ஒவ்வொரு சர்ஜனாகக் கேட்டு அலைய வேண்டியிருந்தது. 1979-இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் கூட்டிய குழுவில் அவரும் உட்கார்ந்தார். சோதனை ஒரு நாள், அறுவை வேறொரு நாள் என்று அந்தக் குழு சொன்னது.

அவர் கேட்டது யோசிக்கச் சில நாள். எங்கள் சித்திக்குக் கிடைக்காததும் அதுதான்.

*

ரேடியேஷனை எங்கள் பக்கத்தில் 'கரண்ட்' என்பார்கள். கரண்ட் வைக்கும் அறைக்கு வெளியே, காலை ஏழு மணிக்கே பெண்கள் வரிசை. "உனக்கு எத்தனாவது?" என்றுதான் பேச்சு தொடங்கும். திருவண்ணாமலைப் பக்கத்து அக்கா ஒருத்தி, மோர் நிறையக் குடி, காரத்தைக் குறை, பருத்திப் பாவாடையைத் தளரக் கட்டு என்று சித்திக்குச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து "தைரியமா இரு" என்று சொல்லிப் போனவர்களைவிட அந்த அக்கா உபயோகம். "போன ஜென்மத்துப் பாவம்" என்றவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ். தாம்பத்தியத்தில் இருக்கும் பெரும்பாலோருக்கு எப்போதாவது தொற்றும், அநேகமாகத் தானே போய்விடும். சிலரிடம் மட்டும் ஆண்டுக்கணக்கில் தங்கிப் புற்றாகிறது. இதில் பாவம் எங்கே வந்தது?

துணைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அக்கா, தங்கைகள். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதற்கும் பின்னால் ஒரு தங்கை உண்டு, புற்றுநோயில் அவர் பறிகொடுத்த தங்கை.

அந்த வரிசையில் உட்கார்ந்துதான் சித்தி முதன்முதலாகக் கேள்வி எழுதினாள், காலண்டர் தாளின் பின்பக்கத்தில். பேரனைத் தூக்கலாமா? என் தட்டில் அவன் சாப்பிட்டால் ஒட்டுமா? மூன்றாவதை எழுதவில்லை, நர்ஸம்மாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். தூக்கலாம், ஒட்டாது, வெளியிலிருந்து வைக்கும் கரண்ட் உடம்பில் தங்காது என்றார் நர்ஸம்மா. மூன்றாவதற்கும் பதில் சொன்னார். அன்று சாயங்காலம் சித்தப்பாவிடம், "எனக்குக் கேன்சர்னு தெரியும். இனிமே டாக்டர் ரூமுக்கு நானும் வர்றேன்" என்றாள். மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வா" என்றார்.

*

தீட்டு நின்று நாலைந்து வருடம் கழித்துச் சித்திக்குத் திட்டுத் திட்டாகப் பட்டிருக்கிறது. உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்திருக்கிறாள், மாதக்கணக்கில். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் ஓர் ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களின் கருப்பைவாயில் நர்ஸ்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினார்கள். வினிகரில் இருப்பதுதான் அது. கோளாறு இருந்தால் அந்த இடம் ஒரு நிமிடத்தில் வெளுக்கும். பரிசோதனைக்கு அழைத்த ஊர்களில், மற்ற ஊர்களைவிட இந்தப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. பெரிய மெஷின் எதுவும் இல்லை, டார்ச் போல ஒரு விளக்கும் பழகிய கண்ணும்தான்.

இதே பரிசோதனை தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசம். தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும், சேர்க்கைக்குப் பின் இரத்தம் பட்டாலும், அந்த வாரமே போய்க் காட்டுங்கள். உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் இன்றைக்கே இதைக் கேட்டுவிடுங்கள். அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.