பற்றும் பட்டியும்

ஒரு பழைய பொருளைப் பழுது பார்ப்பதென்றால் அதை எந்த நாளைய நிலைமைக்குத் திருப்பிக் கொண்டுபோவது? கேட்பதற்கு மிகவும் எளிய கேள்விதான். பதில் சொல்ல உட்காரும்போதுதான் ஆள் திணறிப் போகிறான். ஒகேனக்கல்லில் என் நண்பர் ஒருவர் தம் தகப்பனாரின் ஜீப்பைச் சீர் செய்யத் தொடங்கினார். நாவல் ஒன்றை எழுதி முடிப்பதற்கென்று அவர் வீட்டில் போய்த் தங்கியிருந்தேன் நான். எழுதுவதைத் தவிர வேறு எந்த வேலை கிடைத்தாலும் ஓடுகிற எழுத்தாளர் வர்க்கத்தின் சுபாவப்படி அந்த வேலையில் நானும் புகுந்துகொண்டேன். கேள்வி அங்கேதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்கென்று அமெரிக்காவில் பிறந்தது ஜீப். வில்லிஸ் கம்பெனியின் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஃபோர்டு கம்பெனியும் அதைச் செய்தது. தான் செய்த வண்டிகளின் போல்ட்டுத் தலைகளில்கூட ஃபோர்டு தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்து வைத்தது. அந்த எழுத்துள்ள போல்ட்டுக்காகவே ஊர் ஊராகத் தேடி அலைகிற பக்தர்கள் இன்றைக்கும் உலகில் இருக்கிறார்கள். நம் தேசத்தில் மகீந்திரா கம்பெனி 1947-ல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது. நண்பரின் வண்டி அதற்கப்புறம் வந்த உயரமான பானெட் வைத்த ஜாதி. எஞ்சினுக்குள் காற்றை விடுகிற வால்வுகளை மேலே ஏற்றி வைத்ததால் எஞ்சினின் உயரம் கூடிவிட்டது. அதை மூடுவதற்காக பானெட்டையும் தூக்கினார்கள். அவலட்சணமென்று சிலர் சொல்வதுண்டு. எனக்கென்னவோ நெற்றி அகன்ற கிராமத்து மனிதர் ஒருவரின் முகம்போலத்தான் அது படுகிறது.

நண்பரின் தகப்பனார் அதை 1968-ல் வாங்கினார். பென்னாகரத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் நடுவிலுள்ள மலைப் பாதையில் அது ராகி மூட்டை ஏற்றியிருக்கிறது. பாம்பு கடித்தவர்களையும் பிரசவ வேதனையில் துடித்தவர்களையும் ஏற்றியிருக்கிறது. கல்யாண மாப்பிள்ளைகளையும் ஏற்றியிருக்கிறது. பெட்ரோல் செலவு தாங்காமல் 1979-ல் அவரே அதன் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு டீசல் எஞ்சினைப் பூட்டினார். ஆர்.சி. புத்தகத்திலும் அதை முறைப்படி பதிவு செய்துகொண்டார். அவர் காலமானது 1994-ல். அன்றைக்குக் கொட்டகைக்குள் போன வண்டி அங்கேயே கோழிகளுக்கு வீடாகிவிட்டது.

பென்னாகரத்திலிருந்து வந்த மேஸ்திரி வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். சுத்தியலால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்தார். நல்ல தகடு கணீரென்றது. துருத் தின்ற தகடு சொத்தென்றது. பிறகு கேட்டார்: “அறுபத்தெட்டுக்குக் கொண்டு போறதா, எழுபத்தொம்பதுக்குக் கொண்டு போறதா? அதை முதல்ல சொல்லிடுங்க.”

நண்பருக்கு 1968-ன்மேல்தான் ஆசை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே நிற்க வேண்டுமென்று சொன்னார். 2021-ல் மத்திய அரசாங்கம் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி ஒன்று கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி, மூல உருவில் இருக்க வேண்டும். சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டவும் கூடாது. அந்தக் கௌரவம் கிடைக்குமா என்றும் நண்பர் யோசித்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார் என்னைப் பார்த்து, “தம்பி, அந்த டீசல் சத்தம் கேட்டாத்தான் இவங்க அப்பா வளைவு திரும்பிட்டார்னு நான் உலை வைப்பேன். பெட்ரோல் வண்டியை எனக்குத் தெரியாது” என்றார். பதினோரு வருஷம் அது பெட்ரோலில் ஓடியது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னது பொய்யல்ல.

இந்தச் சிக்கல் புதியதல்ல. மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் தான் தேரில் வந்ததாகச் சொன்னபோது, பௌத்த பிக்ஷு நாகசேனர் அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவுமே தேரில்லை என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். எல்லாம் சேர்ந்த சேர்க்கைக்குத் தேர் என்று ஒரு பெயர், அவ்வளவுதான். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றிக் கிரேக்கர்களும் இதே சண்டையைப் போட்டார்கள். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது நிஜம் என்று ஆங்கிலேய ஞானி ஹாப்ஸ் பின்னாளில் சண்டையை இன்னும் கொஞ்சம் மூட்டிவிட்டார். சட்டம் இந்தத் தகராறுக்கே போவதில்லை. அதற்கு சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் போதும். ஆனால் நாகசேனரோ ஹாப்ஸோ கையில் வெல்டிங் ஹோல்டரைப் பிடித்தவர்களல்ல. பிடித்திருந்தால் கேள்வியையே வேறு மாதிரி கேட்டிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மேஸ்திரி எனக்கு முதலில் கனத்த இரும்புத் துண்டுகளில் பழக்கம் கொடுத்தார். பன்னிரண்டு கேஜ் ராடு, எழுபது எண்பது ஆம்பியர் கரண்ட். ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ராடின் கனத்தளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் அணைந்துவிடும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உலகமே மறைந்துபோய், ஒரு நெல்மணியளவு உருகிய குழம்பு மட்டும் தெரிகிறது. சரியான தூரத்தில் கை நகர்ந்தால், அருவிக்கரைக் கடைகளில் மீன் பொரிகிற ஓசை ஒரே சீராகக் கேட்கிறது. ராடின் மேற்பூச்சு எரிந்து புகையாகிக் காற்றை விலக்குகிறது. மிச்சம் கசடாக மேலே படிந்து, பற்று ஆறும் வரையில் அதைக் காக்கிறது. கசடைத் தட்டிவிட்டால்தான் உள்ளே பற்று பிடித்திருக்கிறதா இல்லையா என்பது தெரியும். (ஒகேனக்கல் என்றால் கன்னடத்தில் புகையும் கல் என்று அர்த்தம். ஒரு மாத காலம் அந்த ஊரில் நானும் என் பங்குக்குப் புகைந்தேன்.)

இந்த வித்தையில் ஒரு கட்டளை உண்டு: துருவின்மேல் பற்று நிற்காது. நல்ல இரும்பு வருகிற வரையில் வெட்டித்தான் ஆக வேண்டும். ஓட்டை நாலணா அளவுதானே என்று ஆரம்பித்தால், வெட்டி முடிக்கும்போது சாப்பாட்டுத் தட்டளவு ஆகிவிடுகிறது. வெட்டுவதற்கு மனசு வராதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. அதற்குப் பட்டி பார்ப்பது என்று பெயர். துரு ஓட்டையின்மேல் பட்டியை அப்பித் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குக் குறை தெரியாது. உள்ளே துரு நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும்.

ஓட்டுகிறவர் கால் வைக்கிற தரைத் தகட்டுக்கு வந்தபோது வேலை நின்றது. அங்கே ஒரு ஒட்டு இருந்தது. எப்போதோ ஒரு கொல்லன் முரட்டுத்தனமாகப் பற்றவைத்த, அண்டைத் தகட்டைப்போல இரண்டு மடங்கு கனமுள்ள துண்டு. கீழே படுத்து விளக்கைப் பிடித்துப் பார்த்தால் அதன் அடிப்பக்கத்தில் ஏதோ விளம்பரப் பலகையின் தலைகீழான தமிழ் எழுத்துக்கள் இரண்டு, பச்சை நிறத்தில். அந்த ஒட்டு கணீரென்றது. அதைச் சுற்றியிருந்த, பம்பாயிலிருந்து வந்த, ‘நிஜமான’ தகடுதான் சொத்தென்றது. மூல உருவம் வேண்டுமென்றால் நல்ல இரும்பை எடுத்து எறிய வேண்டும். நல்ல இரும்பு வேண்டுமென்றால் மூலத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டைக் காப்பாற்ற வேண்டும். அந்த ஒட்டின்மேல்தான் தகப்பனாரின் குதிகால் பல வருஷம் அழுந்தியிருக்கிறது. மினுமினுவென்று தேய்ந்த ஓர் இடம் இருந்தது. நண்பர் அதை விரலால் தடவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் யோசித்ததெல்லாம் அந்த மத்தியானத்தில்தான். இது அதே வண்டியா என்பது இரும்பைப் பார்த்துக் கேட்கிற கேள்வியல்ல, மனிதரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி என்று எனக்குப் பட்டது. எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் விடாமல் இருந்துகொண்டே இருக்கிறாரா? இருந்தால் அது அதே வண்டிதான். ஒகேனக்கல் பரிசல்களைப் பாருங்கள். ஒரு காலத்தில் மூங்கில் கூட்டின்மேல் தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்தன. மூங்கிலும் மாறுகிறது, போர்வையும் மாறுகிறது. யாரும் தர்க்கம் செய்வதில்லை, ஏனென்றால் துடுப்புப் பிடிப்பவருக்கு அதில் எந்தப் பிளாச்சு எப்போது போட்டது என்று தெரியும். கோயில் திருப்பணியில் நம் முன்னோர்கள் செய்ததும் இதுதான். கல்லை மாற்றுவதற்கு முன் தெய்வத்தைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, வேலை முடிந்த பின் திரும்ப அழைத்து வருகிறார்கள். ஊரறிய, நாள் குறித்து.

இப்படிப் பார்க்கிறபோது பட்டி ஏன் பாவமென்பது விளங்குகிறது. அது வண்டியை மாற்றிவிட்டது என்பதல்ல குற்றம். அடுத்துக் கை வைக்கப்போகிறவனுக்குத் தெரிய வேண்டிய ஒன்றை அது மறைக்கிறது.

பற்றும் ஆபத்தில்லாததல்ல. 1943 ஜனவரி 16-ம் தேதி, அமெரிக்காவில் போர்ட்லண்ட் துறையில் நின்றுகொண்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல் திடீரென்று நடுவே பிளந்துபோயிற்று. ரிவிட் அடிக்காமல் பற்றவைத்தே கட்டிய கப்பல். பற்றவைத்தவர்கள்மேல்தான் முதலில் பழி விழுந்தது. யுத்த காலத்தில் அவசரமாக வேலை பழகியவர்கள் அவர்கள். பெண்கள் பலரும் அவர்களில் இருந்தார்கள். இப்படிப் பிளந்த கப்பல்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற அம்மையார், குளிரில் அந்த எஃகே கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை கொள்கிறது என்று காட்டினார். ரிவிட் அடித்த கப்பலில் ஒரு தகட்டில் விழுந்த கீறல் அந்தத் தகட்டின் விளிம்பில் நின்றுவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்ட கப்பலில் அதற்குத் தடையேது? கூட்டுக் குடும்பங்களைப் பற்றி நாவல் எழுதுகிற நான் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுதான் போனேன்.

சேசிஸ் விரிசலுக்கு வைரத்தின் வடிவில் தகடு வெட்டி மேஸ்திரி ஒட்டுப்போட்டதற்குக் காரணம் எனக்கு அப்போது புரிந்தது. குறுக்கே நேர்கோடாகப் பற்றினால் சூடு பட்ட இரும்பு அந்தக் கோட்டோடு பலவீனப்பட்டுப் போகும். “விடறது பத்து இல்லீங்க சார், பத்துக்குப் பக்கத்து இரும்பு” என்றார் அவர்.

தரை விஷயத்தை நண்பர் மறுநாள் முடிவு செய்தார். விளம்பரப் பலகைத் துண்டு இருந்த இடத்தில் இருந்தது. அதைச் சுற்றிப் புதுத் தகடு வந்தது. மெல்லிய தகடு நெளியாமலிருக்க சி.ஓ.டூ. வெல்டிங்கில் இங்கே ஒரு பொட்டு அங்கே ஒரு பொட்டாக வைத்துக்கொண்டு போனோம். இடது ஓரத்தில் ஒரு சாண் என் கைவேலை. மேல்பக்கத்தை மேஸ்திரி கிரைண்டரால் வழவழப்பாக்கினார். அடிப்பக்கத்தையும் தேய்த்துவிடலாமா என்று நண்பர் கேட்டதற்கு, “வேணாங்க. நாளைக்கு எவனாவது படுத்துப் பார்ப்பான்” என்று சொல்லி, துருத் தடுப்புப் பெயிண்டை மட்டும் அடித்துவிட்டார். பச்சை எழுத்துக்கள் அதன்கீழ் மறைவதற்கு முன் நண்பர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவற்றை வரைந்து, தேதி போட்டு, எங்கள் இருவர் பெயரையும் எழுதிக்கொண்டார்.

எஞ்சின் சங்கதி மட்டும் இன்னும் தீரவில்லை. அந்தக் காலத்துப் பெட்ரோல் எஞ்சின் ஒன்று சேலத்துப் பழைய இரும்புக் கடையில் கிடக்கிறதென்று போன மாதம் நண்பருக்குத் தகவல் வந்தது. அவர் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காமல் திரும்பியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு வயது எண்பத்து நான்கு.