பங்கீடு என்னும் சொல்

பங்கீடு என்றவுடன், போர்க்காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு நினைவில் எழுவது அறமன்று. அரிசிக்கடை வாயிலில் நின்ற நீண்ட வரிசையே. ஆயின், அச்சொல்லின் உட்பொருள் யாது?

பகு என்னும் வேரினின்று பகுதி, பகிர்வு, பங்கு முதலியன கிளைத்தன. பகையும் அவ்வேரினதே என்பர் அறிஞர். இடு என்பதே ஈடு ஆயிற்று. ஈடு என்பதற்கு ஒப்பு என்னும் பொருளும் உண்டு. எனவே, பகுத்து அவரவர்க்கு ஏற்ப இடுவதே பங்கீடு. ரேஷன் என்பதோ கணக்கு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அது பொருளை எண்ணுகிறது. இது பெறுவோனை எண்ணுகிறது.

கணக்கு மட்டும் போதாதா? போதாது என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில், பர்மா, சயாம் அரிசியின் வரத்துக் குன்றிற்று. 1944-இல் ஆணுக்கு மாதம் 4.8 கிலோ, பெண்ணுக்கு 3.6, குழந்தைக்கு 2.4 என அரிசி அளந்தனர். அட்டையும் இருந்தது, அளவும் இருந்தது. ஆயினும், அரசுப் பணியில் இருந்தோர் கூடுதல் பெற்றனர். பணம் படைத்தோர் கள்ளச் சந்தையை நாடினர். ஏழைக்கு மரவள்ளிக் கிழங்கே கதியாயிற்று. கணக்கு இருந்தது; பங்கீடு இல்லை.

போர் ஓய்ந்தபின், 1946-இல் சமூக நலத் துறை மக்கள் உணவகங்களைத் திறந்தது. 35 காசு கொடுத்தவர் எவரும் ஒரு வேளை உண்ணலாம். இரந்து உண்டோம் என்று நாண வேண்டுவதில்லை. பிச்சை, கொடுப்போனுக்குப் புகழ் தரும். பங்கு, பெறுவோனுக்கு மானம் தரும்.

"அகப்பை பிடித்தவன் தன்னவனானால் கடைப்பந்தியில் இருந்தாலென்ன?" என்பது நம் பழமொழி. நகைத்துக்கொண்டே சொல்லுகிறோம். அகப்பை பிடித்தவனுக்கு வேண்டாதவனும் அப்பந்தியில் அமர்ந்திருந்தானே. அவன் இலையை எவர் பார்த்தார்? தோட்டத்திலும், சங்கத்திலும், சிராங்கூன் சாலைக் கோயிலின் அன்னதானத்திலும் ஒருநாள் அகப்பை நம் கைக்கு வரும். அன்று நாம் யார் என்பது தெரிந்துவிடும்.

வீட்டிலோ அகப்பை அன்னையின் கையில் இருக்கிறது. ஆயினும், கடைசி இலை அவளுடையதே. சட்டியில் எஞ்சியதே அவள் பங்கு. தனக்குக் குறைத்துக்கொள்வது அவள் அன்பு; அதனை வழக்கமாக்கி நாம் வயிறார உண்பது அநீதி. ஊருக்குச் சமநீதி கேட்போர் இன்றிரவு தம் வீட்டுச் சட்டியை எட்டிப் பார்ப்பாராக! பகுத்தல் பழுதாகும் இடத்தில், அதன் உடன்பிறப்பாகிய பகை வாயிலில் வந்து நிற்கும்.