கூண்டுக்குள் ஓர் அமானத்

வானத்தில் சிறகை விரித்தும் ஒடுக்கியும் செல்லும் பறவைகளைக் கவனிக்கும்படி அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் நம்மை அழைக்கிறான் (67:19). அவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறான் (6:38). அவை ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்தே இருக்கின்றன என்றும் அறிவிக்கிறான் (24:41). ஆகவே, ஒரு கிளியைக் கூண்டில் அடைப்பவர், தஸ்பீஹ் செய்யும் ஓர் உயிரைத் தம் பொறுப்பில் எடுத்துக் கொள்கிறார் என்பதை முதலில் உணர வேண்டும்.

நீடாமங்கலத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். “பேரனுக்குக் குர்ஆன் தமாம் ஆகப் போவுது ஹஜரத். கிளிக்குஞ்சு வேணும்ங்கிறான். மூணாறு தலைப்புப் பக்கம் ஒருத்தர் மரத்திலேருந்து எடுத்துத் தர்றேன்னு சொல்றார். வளக்கலாமா?” என்று கேட்டார். கேள்வி சிறியதுதான். ஆனால் ஒரே சொல்லில் பதில் சொல்லக் கூடியதல்ல.

பறவை வளர்ப்பதை ஷரீஅத் தடுக்கவில்லை. ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர், சிறுவராக இருந்தபோது ஒரு குருவியை வைத்து விளையாடி வந்தார். அது இறந்து போனதால் வாடியிருந்த அந்தச் சிறுவரிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் குருவியைப் பற்றிப் பரிவோடு விசாரித்தார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ். ஷாஃபியீ மத்ஹபின் இமாம் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்தே 60 பயன்களை எடுத்துத் தனி நூல் எழுதினார்கள். பறவையை அடைத்து வளர்க்கலாம் என்பது இமாம்கள் இதிலிருந்து பெற்ற சட்டங்களில் ஒன்று. ஆயினும் அந்த அனுமதிக்கு நிபந்தனைகள் உண்டு. வாங்குவதற்கு முன் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது: இது எங்கிருந்து வருகிறது? நம் பகுதியில் பச்சைக்கிளி, பட்டுப்போன தென்னையிலும் பனையிலும் உள்ள பொந்துகளில் குஞ்சு பொரிக்கிறது. இறகு முளைக்காத குஞ்சைப் பொந்துக்குள் கைவிட்டு எடுத்துத்தான் விற்கிறார்கள். ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதை வருத்தியது யார் என்று வினவி, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள் (அபூதாவூத்). பொந்தருகே கத்திக்கொண்டு சுற்றும் தாய்க்கிளியைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நாட்டின் சட்டமும் இதைத் தடுக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். 2022இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்ததில், பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகரின் வீட்டிலிருந்த இரண்டு கிளிகளை வனத்துறையினர் எடுத்துச் சென்று, இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தனர். ‘ஊரில் எல்லோரும்தான் வளர்க்கிறார்கள்’ என்பது அங்கும் செல்லவில்லை, மறுமையிலும் செல்லாது.

கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகளும், கொண்டை வைத்த காக்டெய்ல்களும் வளர்ப்பிலேயே பெருகியவை. அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்றவற்றை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது: இதன் ஹக்கை நம்மால் கொடுக்க முடியுமா? வளர்க்கும் பிராணிக்கு உணவும் நீரும் அளிப்பது உடையவர் மீது கடமை என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. வெறும் நெல்லும் சூரியகாந்தி விதையும் போதாது. தினை, கம்பு, முளைவிட்ட பயறு, கீரை, கொய்யா என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். காப்பி, சாக்லேட், உப்புப் பண்டம் ஆகாது. கூண்டு, சிறகை முழுதும் விரிக்கும் அளவு வேண்டும். இரவில் பத்து மணி நேரமாவது இருளும் அமைதியும் வேண்டும். கிளியின் சுவாசம் மெல்லியது. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் அதை வருத்தும். அளவு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் சட்டியின் ஆவி அதைக் கொன்றேவிடும். கிளி கூட்டமாக வாழும் உயிர். தனிமையில் விட்டால் தன் இறகைத் தானே பிடுங்கிக் கொள்ளும்.

எச்சத்தைப் பற்றியும் கவனம் தேவை. ஷாஃபியீ மத்ஹபில் பறவை எச்சம் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் புறா, சிட்டுக்குருவி போன்றவற்றின் எச்சத்தில் சலுகை உண்டு. எப்படியாயினும் தொழும் இடத்திலிருந்து கூண்டு தள்ளியே இருக்கட்டும். காய்ந்த எச்சத்தூள் மனிதருக்குக் காய்ச்சலைத் தரக் கூடும் என்பதால், நனைத்துத் துடைத்துக் கையைக் கழுவ வேண்டும்.

மூன்றாவது: நாம் இல்லாதபோது இதை யார் பார்ப்பது? நல்ல பராமரிப்பில் கிளி இருபது, இருபத்தைந்து வருடம் வாழும். பிள்ளை மதரஸாவுக்கோ கல்லூரிக்கோ போன பிறகும் அது இருக்கும்.

இதை நாம் கிதாபில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. நமக்கு ஒன்பது வயதில் வீட்டில் ஒரு கிளி இருந்தது. கூத்தாநல்லூரில் ஒரு நிக்காஹுக்காகக் குடும்பத்தோடு சென்று மூன்று நாள் தங்கினோம். பக்கத்து வீட்டார் பார்த்துக் கொள்வார்கள் என்று நாம் எண்ணினோம். கிளியை உடன் கொண்டு போயிருப்போம் என்று அவர்கள் எண்ணினார்கள். திரும்பி வந்தபோது தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. அதன் பக்கத்திலேயே கிளியும் கிடந்தது. உம்மா அதைத் துணியில் சுற்றிக் கொல்லையில் புதைத்தார்கள். அத்தா வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

வருடங்கள் கழித்து, மதரஸாவில் ஹதீஸ் பாடம் நடந்தது. பூனையொன்றைக் கட்டிப் போட்டு, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்டதற்காகத் தண்டிக்கப்பட்ட பெண்ணின் ஹதீஸை உஸ்தாத் ஓதினார்கள். எல்லோருக்கும் பூனை தெரிந்தது. நமக்குக் காய்ந்த கிண்ணம்தான் தெரிந்தது. நம் வீட்டில் கொடுமைக்காரர் எவரும் இல்லை. மறதி ஒன்றே போதுமானதாயிற்று. கதவை நாம் பூட்டிவிட்டால், உள்ளிருக்கும் உயிரின் ரிஜ்கை அதனிடம் சேர்க்கும் பொறுப்பு நம் கையில் வந்துவிடுகிறது.

ஏற்கெனவே பச்சைக்கிளி வைத்திருக்கும் சகோதரர்கள், அதைத் திடீரென்று திறந்துவிட வேண்டாம். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் பகைக்குத் தப்பவும் தெரியாது. வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதே முறை.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ பேரனுக்கு என்ன சொல்றது ஹஜரத்?” என்றார். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழியை நினைவூட்டி, தமாம் அன்று ஒரு கொய்யாக்கன்றைப் பேரன் கையால் நடச் சொன்னோம். “மாடியில ஒரு சட்டியில தண்ணியும் வைக்கச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுச் சென்றார். அந்தச் சட்டிக்கு வரும் கிளிக்குக் கதவு இல்லை. வந்த வழியே அது போய்விடும்.

நம்மை நம்பியிருக்கும் வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சி நடக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.